அட்வான்ஸ் குலை

ஆராதனை முடிந்து வெளியே வந்த ரெஜிலா, ஏல மேசையில் தன் வீட்டு ஏத்தன் வாழைக்குலை கிடப்பதைப் பார்த்தாள். வேறு எந்தக் குலையாக இருந்தாலும் கவலையில்லை. இது ஊருக்கே தெரிந்த குலை.

அவள் பி.எஸ்சி. நர்சிங் முடித்து ஒன்றரை வருஷமாகிறது. திருவட்டாற்றுக்கு மேற்கே அந்த மலைச்சரிவில் வீட்டுக்கு ஒரு ரப்பர் மரம் இருக்கிறதோ இல்லையோ, ஒரு நர்ஸ் இருப்பாள். வேலை கேட்டுப் போனால், அனுபவம் உண்டா என்பார்கள். அனுபவத்துக்காகவாவது சேர்த்துக்கொள்ளுங்கள் என்றால், இடமில்லை என்பார்கள். இடமிருக்கிற ஆஸ்பத்திரியில், ஆறு மாதம் சும்மா வாம்மா, மத்தியானம் சோறு உண்டு என்பார்கள். சோறு வீட்டிலேயே இருந்தது.

சபையின் பாடகர் குழுவில் பெண்கள் வரிசை முழுக்க நர்ஸ். கீபோர்டு வாசிக்கிற அபினும் நர்ஸ். போன கிறிஸ்துமஸுக்கு ஒரு பெரியவர் வெயிலில் தலைசுற்றி உட்கார்ந்தபோது, நாடி பார்க்க ஓடி வந்தவர்களின் நெரிசலில்தான் அவருக்கு நிஜமாகவே மூச்சு முட்டியது. பக்கத்து வீட்டு ஆன்ஸ்லின் மார்த்தாண்டத்தில் ஜெர்மன் படிக்கிறாள். பரீட்சை தேறினால் ஜெர்மனியில் வேலையாம். அவளிடம் ஓசியில் கற்றுக்கொண்டு ரெஜிலாவும் தினமும் ஆட்டுக்குக் காலை வணக்கமாக "குட்டன் மோர்கன்" சொல்லித்தான் குழை போடுவாள். ஆடு பதில் சொல்லும். ஆஸ்பத்திரிகள்தான் சொல்லவில்லை.

இந்த நிலைமையில்தான் அவள் அம்மா நேசபாய், ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் எழுந்து பொருத்தனை பண்ணினாள். ரெஜிலாவுக்கு வேலை கிடைத்தால் கிணற்றடி ஏத்தன் வாழையின் குலை கோயிலுக்கு. அன்றிலிருந்து அந்த வாழைக்கு வந்த மவுசு கொஞ்சமல்ல. வழியில் போகிறவர்கள் எட்டிப் பார்த்து, "குலை தள்ளிட்டா?" என்று கேட்பார்கள். அடுத்த மூச்சில், "வேலை வந்தா?" என்பார்கள். குலை தள்ளியது, காய் முற்றியது, மஞ்சளும் ஏறியது. வேலை மட்டும் வரவில்லை.

அந்தக் குலைதான் இப்போது மேசைமேல், ஒரு சேவலுக்கும் இரண்டு பலாச் சக்கைக்கும் நடுவில், மாப்பிள்ளை மாதிரி சாய்ந்து கிடந்தது. காணிக்கையாக வருகிற பொருட்களை ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம் போடுவது சபை வழக்கம். ஏலம் போடுகிறவர் செயலர் முத்துநாயகம். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், தொண்டை மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

"பிரியமானவங்களே! நம்ம ராஜையனுக்க மக ரெஜிலாவுக்கு ஆண்டவர் நல்ல ஒரு வேலை குடுத்திருக்காரு! பொருத்தனைக் குலை வந்தாச்சு!"

முற்றமே கை தட்டியது. யாரோ ரெஜிலாவைக் கட்டிப்பிடித்தார்கள். யாரோ கன்னத்தைக் கிள்ளினார்கள். அவள் அத்தனை பேரையும் விலக்கிக்கொண்டு அம்மாவைத் தேடிப் போனாள். நேசபாய் ஒரு தூணுக்குப் பின்னால் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா செஞ்சு வச்சிருக்க?"

"ஏட்டி, குலை பழுத்துட்டு. ராத்திரி வவ்வாலு வந்து கடிக்குது. கர்த்தருக்குன்னு சொன்னத வவ்வாலுக்குக் குடுக்க முடியுமா? நாம திங்கவும் கூடாது. செவ்வாக்கெழம இண்டர்வியூவும் இருக்கில்லா? அதாக்கும் நேத்து சாயங்காலம் கோயில் பெருக்க வந்தப்போ பைய, யாருக்கும் தெரியாம கொண்டு வச்சேன்."

"வேலை கெடச்சாத்தானே குலை?"

"அட்வான்ஸா குடுத்தேன்," என்றாள் நேசபாய்.

அட்வான்ஸ் என்று குலையில் எழுதி ஒட்டியா இருந்தது? குலை வந்தால் வேலை வந்தது என்றுதான் முத்துநாயகம் எடுத்துக்கொள்வார். அவரைக் குறை சொல்ல வழியில்லை.

அதற்குள் ஏலம் சூடு பிடித்துவிட்டது. வேலை வாங்கித் தந்த குலையல்லவா? வீட்டில் சும்மா இருக்கிற நர்ஸுக்கு அதில் ஒரு பழம் கொடுத்தால் போதாதா? கையைத் தூக்காத தகப்பன் இல்லை. பூவன் எது ஏத்தன் எது என்று தெரியாதவர்கள்கூட விலை கேட்டார்கள். இந்தக் கூட்டத்துக்குள் ரெஜிலாவின் அப்பா ராஜையனும் புகுந்துவிட்டார். ரப்பர் பால்வெட்டு முடித்து, பிரசங்கம் பாதியில் வந்து பின்வரிசையில் நின்றவர் அவர். குலையைப் பார்த்ததுமே நடந்தது என்னவென்று அவருக்குப் புரிந்துவிட்டது. பொய்க் குலையை அடுத்தவன் காசு கொடுத்து வாங்கக் கூடாது, நாமே திரும்ப எடுத்துவிடுவோம் என்று நினைத்து அவர் விலையைக் கூட்டினார். நல்ல மனசுதான். ஆனால் ஊர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டது.

"பெத்த அப்பனே விடமாட்டேங்கான் பாரு! அந்தக் குலையில என்னமோ இருக்குடே!"

விலை பாய்ந்தது. ஒவ்வொருவராகப் பின்வாங்க, கடைசியில் ராஜையனுக்கு எதிரே நின்றது ஆட்டோ ஓட்டுகிற சகாயம், ஆன்ஸ்லினின் அப்பா. அவர் சட்டைப்பைக்குள் கையை விட்டு ஒரு நோட்டுச் சுருளை எடுத்தார்.

ஆன்ஸ்லின் ரெஜிலாவின் காதருகில் வந்தாள். "அது எனக்க ஜெர்மன் பரீட்சைக்குப் பீஸ் கெட்ட வச்சிருந்த பைசாவாக்கும்."

"தடுக்காண்டாமாட்டி?"

"எதுக்கு? ஒனக்க குலையில்லா. கண்டிப்பா பலிக்கும்." அவள் கண் மின்னியது. ரெஜிலாவுக்கு வேலை கிடைத்ததில் துளிப் பொறாமை இல்லாத கண். அதைப் பார்த்ததும் ரெஜிலா மேசைப் பக்கம் நகரத் தொடங்கினாள்.

ராஜையன் தோளைத் தொங்கப் போட்டுவிட்டார். அதற்குமேல் விலை கேட்க அவரிடம் காசு இல்லை.

"சகாயம் ஒருதரம்!" என்றார் முத்துநாயகம். "சகாயம் ரெண்டுதரம்!"

"நிறுத்துங்க சார்!"

பாட்டின் கடைசி வரிக்கு எடுக்கிற சுருதியில் வந்தது ரெஜிலாவின் குரல். "எனக்கு வேலை கெடைக்கல்ல. இண்டர்வியூதான் வந்திருக்கு. அம்மா குலையை முன்கூட்டிக் குடுத்துட்டா. சகாயம் மாமா, அந்தப் பைசாவ உள்ள வையுங்க."

சேவல் மட்டும் ஒருமுறை கூவியது. ரெஜிலாவுக்குப் பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது.

முதலில் சிரித்தது அபின். அடக்கப் பார்த்து, மூக்கு வழியாக வந்துவிட்டது. பிறகு அவன் அம்மா, பிறகு சக்கை கொண்டு வந்தவர்கள், கடைசியில் போதகரே அங்கியைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். "கர்த்தருக்கே அட்வான்ஸா நேசபாய்!" என்று கேட்டு மறுபடி சிரித்தார். சகாயம் நோட்டுச் சுருளைப் பார்த்தார், குலையைப் பார்த்தார், வேகமாகச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அவரும் சிரித்தார்.

முத்துநாயகத்துக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "எந்த ஆஸ்பத்திரி?" என்று விசாரித்தார்.

ரெஜிலா வாயைத் திறப்பதற்குள் நேசபாய் கடகடவென்று ஒப்பித்துவிட்டாள். களியக்காவிளை தாண்டி, பாலத்துக்கு அந்தப் பக்கம், புதிதாகத் திறந்தது, நாலு பேர் வேண்டுமாம், செவ்வாய்க்கிழமை காலை, யார் வேண்டுமானாலும் நேரே போகலாமாம். ஒரு வாரமாக யார் கண்ணிலும் படாமல் ரெஜிலா பொத்திப் பொத்தி வைத்திருந்த சங்கதி அத்தனையும் அதில் இருந்தது.

"அம்மா!" என்று அலறினாள் ரெஜிலா. பிரயோஜனமில்லை. பாடகர் குழு மொத்தமும் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

குலை சாதாரண விலைக்கு ராஜையனிடமே திரும்பி வந்தது. காசு கோயிலுக்குப் போய்விட்டதால் இனி தின்னலாம் என்று நேசபாய் தீர்ப்புச் சொன்னாள். திங்கட்கிழமை சாயங்காலம் முழுக்கப் பழத்தைக் கீறி மாவில் தோய்த்துப் பழம்பொரி சுட்டாள். மகளிடம் பேசப் பயந்துகொண்டு, பெரிய தூக்குவாளி நிறையச் சுட்டு வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை களியக்காவிளை பஸ்ஸில் ஏறிய ரெஜிலா, வந்த வழியே இறங்கப் பார்த்தாள். பஸ் நிறையப் பாடகர் குழு. ஞாயிற்றுக்கிழமை உடுப்பில், கையில் ஆளுக்கொரு பைலோடு, அபின் உட்பட.

"தள்ளி இரிட்டி," என்று ஆன்ஸ்லின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நீயுமா?"

"பின்ன? நாலு எடம் உண்டுன்னு ஒனக்க அம்மைதானே சொன்னாவ. ஒண்ணு ஒனக்கு, ஒண்ணு எனக்கு. மிச்சம் ரெண்டுக்கு இவங்க அடிச்சுக்கிடட்டு."

ரெஜிலாவுக்குக் கோபம் வந்தது. நியாயமான கோபம்தான். ஆனால் மார்த்தாண்டம் தாண்டுவதற்குள் யாரோ பாட்டு எடுத்தார்கள், அபின் கம்பியில் தாளம் போட்டான், பழம்பொரி வாளி முன் சீட்டுக்குப் போய்ப் பின் சீட்டு வழியாகத் திரும்பி வந்தது. கண்டக்டர் இரண்டு எடுத்துக்கொண்டார். கோபம் எந்த நிறுத்தத்தில் இறங்கிப் போனதென்று அவளுக்கே தெரியவில்லை. களியக்காவிளையில் இறங்கும்போது எல்லாருடைய விரலிலும் எண்ணெய்.

இண்டர்வியூ அறையில் ஒரு டாக்டரும் நர்சிங் சூப்பரிண்டெண்டும் இருந்தார்கள். சூப்பரிண்டெண்ட், ஊசி குத்தினால் நோயாளி வாய் திறக்கப் பயப்படுகிற மாதிரியான அம்மாள்.

"படிச்சு முடிச்சு ஒன்றரை வருஷம் ஆச்சு. இத்தனை நாள் என்ன செஞ்சே?"

இந்தக் கேள்விக்கு ரெஜிலா ஆங்கிலத்தில் ஒரு பதில் மனப்பாடம் செய்திருந்தாள். அது பஸ்ஸிலேயே பாட்டோடு போய்விட்டது. வேறு வழியில்லாமல் நடந்ததைச் சொன்னாள். ஆட்டுக்கு ஜெர்மன் சொன்னது, வாழை, வவ்வால், அட்வான்ஸ், அப்பா ஏற்றிவிட்ட விலை, சகாயம் மாமாவின் நோட்டுச் சுருள், பஸ்ஸில் சுற்றிய பழம்பொரி வாளி. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி துடைத்தார்.

சூப்பரிண்டெண்ட் சிரிக்கவில்லை. "மூணாந்தரம்னு சொல்லியிருந்தா ஏலம் முடிஞ்சிருக்கும். யாருக்கும் தெரிஞ்சிருக்காது. நீ ஏன் தடுத்தே?"

"குடுக்காத மருந்தைக் குடுத்ததாட்டு சார்ட்டில எழுதினது மாதிரி இருந்து மேடம். நின்னுக்கிட்டு இருக்க முடியல்ல."

அந்த அம்மாள் அவளுடைய பைலை மூடி வைத்தாள்.

"பழம்பொரி மிச்சம் உண்டா?"

"ரெண்டு உண்டு மேடம்."

"கொண்டு வா."

வெள்ளிக்கிழமை போன் வந்தது. ரெஜிலா ஆட்டுக்குக் குழை போட்டுக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை சேர முடியுமா என்று கேட்டார்கள். "யா! யா!" என்று ஜெர்மனில் கத்தினாள். பிறகு ஆட்டைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள், அம்மாவுக்குக் கொடுத்தாள், ரப்பர் பால் வாளியோடு வந்த அப்பாவைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ராஜையன், பால் சிந்துதுட்டி என்று சொல்லிக்கொண்டே தானும் ஒரு சுற்றுச் சுற்றினார். நேசபாய் அழுதாள், சிரித்தாள், எதற்கும் இருக்கட்டும் என்று மறுபடி அழுதாள்.

அபினுக்கும் கிடைத்திருந்தது. மற்ற இரண்டு இடமும் வெளியூர்க்காரர்களுக்குப் போயிற்று. ஆன்ஸ்லினுக்கு இல்லை. அவள் வேலியைத் தாண்டி ஓடி வந்து ரெஜிலாவைத் தூக்கிச் சுற்றினாள். சுற்றி முடித்து இறக்கிவிட்டபோது அவள் முகத்தை ரெஜிலாவால் நேராகப் பார்க்க முடியவில்லை. அத்தனை சந்தோஷத்துக்குள்ளும் அந்த ஒன்று முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து முற்றத்துக்கு வந்த முத்துநாயகம் மலைத்துப் போனார். மேசை தெரியவில்லை. மேசைமேல் குலை, கீழே குலை, படியில் குலை. ஏத்தன், மட்டி, பூவன், செந்துளுவன், ஒரு வீட்டார் வாழை இல்லாமல் பலாக்காய், நடுவில் வழக்கம்போல ஒரு சேவல்.

"இதெல்லாம் என்னடே?"

"அட்வான்ஸ் சார்!" என்று பத்துப் பதினைந்து தாய்மார் ஒரே குரலில் சொன்னார்கள்.

முத்துநாயகம் நெற்றியில் அடித்துக்கொண்டார். ஒருமுறை சூடு பட்டவர் அல்லவா, ஒவ்வொரு குலையாகத் தூக்கிச் சத்தமாகக் கேட்டார். "இது கெடச்சதுக்கா, கெடைக்கப்போறதுக்கா?"

"கெடைக்கப்போறதுக்கு!" என்று முற்றம் முழுக்கப் பதில் சொன்னது.

கடைசியாக வந்தது சகாயத்தின் குலை. அவர் வீட்டு வாழை இன்னும் முற்றவில்லை. பொறுமையில்லாமல் பச்சையாகவே வெட்டிக் கொண்டு வந்துவிட்டார். விரல் பருமன்கூட இல்லாத காய். கேட்பாரில்லை. முத்துநாயகம் இரண்டு தடவை கூவிப் பார்த்தார். ஆன்ஸ்லின் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ரெஜிலா கையைத் தூக்கினாள். "எனக்கு!"

"கையில பைசா உண்டுமாட்டி?" என்றார் ராஜையன்.

"முதல் சம்பளத்தில தாறேன் சார். அட்வான்ஸா எழுதிக்கிடுங்க," என்று முத்துநாயகத்திடம் சொன்னாள்.

"இந்தப் பிஞ்ச வச்சு என்னட்டி செய்யப் போற?" என்று ஆன்ஸ்லின் ஓடி வந்தாள்.

"சூப்பரிண்டெண்ட் மேடத்துக்க ரூம் ஜன்னல்ல கெட்டித் தொங்கவிடப் போறேன். அவுங்களுக்குப் பழம்பொரின்னா உயிரு. எப்பம் பழுக்கும் எப்பம் பழுக்கும்னு தெனமும் பாக்கட்டு. பாக்கும்போ எல்லாம் நான் ஒனக்க பேரைச் சொல்லுவேன்."

ஆன்ஸ்லின் சிரித்த சிரிப்பில் சேவல் மேசையிலிருந்து குதித்துவிட்டது.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் ரெஜிலா புது வெள்ளை உடுப்போடு, மடியில் பச்சைக் குலையோடு உட்கார்ந்திருந்தாள். அதே கண்டக்டர். குலைக்கும் டிக்கெட் எடுக்க வேண்டும் என்றார்.

"இது சும்மா குலை இல்லண்ணே. எனக்க கூட்டுக்காரிக்கு வேலை கெடைக்கப்போற குலை. அவளும் நர்ஸாக்கும்."

கண்டக்டர் டிக்கெட் கிழிக்கப் போன கையை நிறுத்தினார். குனிந்து குலையைத் தொட்டுப் பார்த்தார்.

"எனக்க மகளும் நர்ஸ்தான் மக்கா. வீட்டிலதான் இரிக்கா," என்றார். "அவளுக்க பேரு பிந்து. அதையும் சேத்துச் சொல்லு."

அவர் கடைசிவரை டிக்கெட் கிழிக்கவில்லை. ரெஜிலா களியக்காவிளை வரைக்கும் இரண்டு பெயரையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே போனாள்.