லோவ்ரியின் சமையலறைச் சுவர்

கும்ஹெலிக் என்ற மலைக் கிராமத்தில் ஒரு குடும்பம் ஊரைவிட்டுப் போனால் அவர்களுடைய வீடும் நிலமும் கூடவே போய்விடும். மறுநாள் காலையில் இரு பக்கத்து வேலிகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும், செம்மறிகள் வழக்கம்போல மேய்ந்துகொண்டிருக்கும். ப்ரோதரோ குடும்பம் தெற்கே நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனபோது பாலம் தேவாலயத்துக்கு இருநூறு அடி கிட்டே வந்தது. பார்ரி சகோதரர்கள் படகோனியாவுக்குக் கப்பலேறியதில் ஒரு குன்று குறைந்தது. வரைபடம் திருத்த வந்த சர்வேயர் இரண்டு முறை அளந்தார், இரண்டு முறையும் தன் அளவுச் சங்கிலியைக் குறைசொல்லிவிட்டுப் போனார்.

1921இல் லோவ்ரி பியூ கல்யாணமாகாமல் கர்ப்பமானாள். தகப்பன் யாரென்று சொல்ல மறுத்துவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், அவளைச் சபைநீக்கம் செய்யச் சம்மதிப்பவர்கள் கை தூக்கும்படி போதகர் கேட்டார். அவள் தம்பி மெட்வினும் தூக்கினான். லோவ்ரி அந்த வாரமே பள்ளத்தாக்கின் எதிர்ச்சரிவில் கிடந்த பழைய இடையர் வீட்டுக்குக் குடிபோனாள். மகள் நெஸ்ட்டை அங்கேதான் பெற்றாள். தம்பியின் பண்ணைக்கும் அவள் வீட்டுக்கும் நடுவே பதினொரு குடும்பங்கள், ஓர் ஆறு, ஒரு மைல் தூரம். அந்த மைல் இருப்பதால்தான் தூக்கம் வருகிறது என்பாள்.

ஊர் காலியாகக் காலியாக அந்த மைல் வருஷத்துக்கு வருஷம் தேய்ந்தது. மாவு ஆலைக்காரர் போனபோது ஆறு அவரோடு போய், தாண்டிக் குதிக்கிற ஓடை மட்டும் மிஞ்சியது. 1938இல் மெட்வினின் நாய் குரைப்பது அவளுக்குக் கேட்டது. யுத்தம் முடிந்தபோது அவன் இருமுவதே கேட்டது. அவள் அந்தப் பக்கத்துச் சன்னலைப் பலகை வைத்து அடைத்தாள்.

அப்போது இரண்டு வீடுகளுக்கும் நடுவே இருந்தது நெஸ்ட்டின் உருளைக்கிழங்குப் பாத்தி மட்டும். லிவர்பூலில் நர்ஸ் வேலை கிடைத்தும் நெஸ்ட் மூன்று மாதம் கிளம்பாமல் இருந்தாள்.

"நான் போனா அந்த ஆளு வீடு நம்ம சுவத்துல வந்து ஒட்டுமேம்மா."

"ஒட்டட்டும். எனக்காக நீ இங்க கெடந்து மக்க வேணாம்."

சனிக்கிழமை நெஸ்ட் பஸ் ஏறினாள். ஞாயிறு காலையில் மெட்வின் வீட்டுச் சுவர் லோவ்ரியின் சமையலறைச் சுவரோடு ஒட்டி நின்றது. ஒரு விரிசல்கூட இல்லை.

மெட்வின் கல்யாணம் செய்துகொள்ளாதவன். அவன் ஒற்றைத் தட்டை மேசையில் வைப்பதும், ஜெபத்தைப் பாதியில் நிறுத்துவதும் அவளுக்கு மூன்று வாரம் கேட்டன. நான்காம் வாரம் பெட்டியை இழுக்கிற சத்தம். பிறகு அவனே தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் வாசலில் வந்து நின்றான்.

"நான் கனடாவுக்குப் போயிடறேன், லோவ்ரி. என் சத்தம் உனக்கு வேணாம்."

அவள் மாவு பிசைவதை நிறுத்தவில்லை. "அன்னிக்கு யார் யார் கை தூக்கினாங்கன்னு பாத்துக்கிட்டுதான் இருந்தேன். உன் கைதான் மொதல்ல."

"ஆமா. எல்லாரும் என்னையே பாத்தாங்க. பயந்துட்டேன்."

மாவு பதமாகி வெகுநேரம் ஆன பிறகும் அவள் பிசைந்துகொண்டிருந்தாள்.

"நீ போனா அடுத்து அந்தத் தேவாலயம்தான் என் சுவத்துல வந்து நிக்கும். அதுக்கு நீயே தேவலை. இரு."

அவள் மன்னித்ததாகச் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. பனி விழுவதற்கு முன் மெட்வின் அந்தச் சுவரில், ஒரு கிண்ணம் நுழைகிற அளவுக்குக் கல்லைப் பெயர்த்தான். மத்தியானங்களில் ஆட்டுக்கறிச் சாறு அதன் வழியே அந்தப் பக்கம் போகும். சற்று நேரத்தில் கழுவிய கிண்ணம் திரும்பி வரும்.