மூடாத பானட்

சுடலைமுத்து ஐந்தாவது முறையாக லாரியின் பானட்டை ஓங்கி அறைந்தான். அது ஐந்தாவது முறையாகவும் எம்பிக்கொண்டு நின்றது. கொச்சியில், மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மிளகு மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மணி எட்டரை. பதினொன்றுக்குக் காக்கநாட்டில் லாரிக்குத் தகுதிப் பரிசோதனை. பானட் மூடாத வண்டிக்கு எந்த அதிகாரி சான்றிதழ் கொடுப்பார்? அது கிடைக்காவிட்டால் நாளை முதல் லாரி ரோட்டில் ஏறக்கூடாது. வீட்டில் உலை கொதிப்பதே அந்தக் கிழட்டு லாரியின் புண்ணியத்தில்தான்.

கோபத்துக்கு ஓர் ஆள் வேண்டுமே. நாலு கடை தள்ளி ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் பிஜு அகப்பட்டான். பெண்டாட்டி சோனியாவின் தம்பி. போன வாரம் பானட் கேபிளை மாற்றிக் கொடுத்தவன்.

“டேய் பிஜு! நல்ல பூட்டைக் கழட்டி வித்துட்டு ஓட்டைப் பூட்டை மாட்டிட்டியாடா? அக்கா வீட்டுலயே திருடுறியா, கள்ளப்பயலே!”

பிஜு ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு லாரியருகே வந்தான். “அத்தான், நான் கேபிள் மட்டுந்தான் மாத்தினது. பூட்டைத் தொட்டதே இல்ல. தள்ளுங்க, பாக்குறேன்.”

“உன் கை என் வண்டியில படக்கூடாது!”

பிஜுவின் முகம் சுண்டிப்போயிற்று. “மதி அத்தான், போதும்” என்று சொல்லிவிட்டுத் திரும்பி ஒர்க்‌ஷாப்புக்குள் போய்விட்டான்.

பல்லைக் கடித்துக்கொண்டு சுடலைமுத்து தானே வேலையில் இறங்கினான். சீட்டுக்கடியில் இருந்த பிடியை இழுத்துப் பார்த்தான். கேபிள் சுகமாகப் போய்வந்தது. பானட்டின் கொக்கி வளையவில்லை, பூட்டுக்கு நேராகவே இறங்கியது. சுத்தியலை எடுத்தவன், என்ன தோன்றியதோ, அதை வைத்துவிட்டு ஸ்க்ரூடிரைவரால் பூட்டின் நாக்கை அழுத்தினான். பாதி போயிற்று. அதோடு சரி. உள்ளே ஏதோ தடுத்தது.

விரலை விட்டு நோண்டினான். மஞ்சளாக ஒரு கட்டி உடைந்து வந்தது. மூக்கருகே கொண்டுபோனான். சந்தனம்.

 ஆயுத பூஜைக்கு எல்லாரும் பானட்டின் மேல் பொட்டு வைப்பார்கள். கொச்சி மழை அதை ஒரே வாரத்தில் கழுவிவிடும். அதனால் அவன் மட்டும் கெட்டிக்காரத்தனமாக உள்ளே, பூட்டின் மேலும் வழித்துப் பூசுவான். ஒன்பது வருஷப் பூச்சு அங்கே கல்லாக உட்கார்ந்திருந்தது.

மண்ணெண்ணெய் ஊற்றி, பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்தான். பானட்டை இறக்கி மெல்ல அழுத்தினான். டக்கென்று பூட்டிக்கொண்டது.

மணி ஒன்பதே முக்கால். நேரே போய்விடலாம். ஆனால் கள்ளப்பயல் என்றது ரோடு முழுக்கக் கேட்டிருக்கிறது. லாரியை ஒர்க்‌ஷாப் வாசலில் குறுக்கே நிறுத்தி இறங்கினான். பின்னால் ஆட்டோக்கள் ஹாரன் அடித்தன.

“டேய் பிஜு! அடைச்சிருந்தது என் சந்தனம்டா! உன்னைக் கள்ளன்னு சொன்ன என் வாயைச் செருப்பால அடிக்கணும்! எல்லாரும் கேட்டுக்கோங்க!”

மன்னிப்பும் அதே கத்தலில்தான் வந்தது. பிஜு நிமிரவில்லை.

“போன பூஜைக்கே நான் சொன்னேன் அத்தான், உள்ள பூசாதீங்கன்னு. சாமி காரியத்துல வாயை மூடுன்னீங்க. மூடிக்கிட்டேன்.”

சுடலைமுத்துவுக்குத் திட்டுவதற்கு இப்போது வேறு ஆள் இல்லை.