ஒரு ஜீப்னி நிறைய ஓ குரூப்

டெங்குக் காலத்தில் பிலிப்பைன்ஸின் இலோய்லோ ஆஸ்பத்திரி ரத்த வங்கியில் வேலை பார்க்கும் லோய்டாவுக்குச் சாப்பிட நேரம் இருக்காது. இன்று பொறுமையும் தீர்ந்துவிட்டது.

மாடி வார்டில் ஆறு வயது க்ளாரிஸ்ஸாவுக்கு ஈறில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. ரத்தத்தை உறையவைக்கும் தட்டணு எட்டாயிரத்துக்கு இறங்கிவிட்டது. அவள் ஏ குரூப். கையிருப்பில் ஏ தட்டணு ஒரு பைகூட இல்லை. அவள் அப்பா நோனித்தோ ஊருக்குச் சொல்லியனுப்ப, ஊர்த்தலைவர் தியோடுலோ ஒரு ஜீப்னி வண்டி நிறைய ஆள் கொண்டுவந்து இறக்கினார். எட்டுப் பேரும் ஓ.

"ஓ எல்லாருக்கும் சேரும்ல மேடம். அதான் பொறுக்கியெடுத்துக் கூட்டியாந்தேன்."

"யாரு சொன்னா உங்களுக்கு? அது சிவப்பணுவுக்கு. தட்டணு பிளாஸ்மாங்கிற மஞ்சத் தண்ணியோட சேந்துதான் போகும். ஓக்காரங்க தண்ணியில ஏ ரத்தத்துக்கு எதிரி இருக்கு. ஏறுனா பாப்பாவோட சொந்த ரத்தத்தையே உடைக்கும்."

"ஓக்காரங்க எல்லாருக்குமா எதிரி இருக்கும்?"

"சிலருக்குக் கம்மியா இருக்கும், சமாளிக்கலாம். அதையும் பாத்துட்டேன். அஞ்சு பேரு நேத்துத் திருவிழால குடிச்சிருக்காங்க. மிச்ச மூணு பேருக்கும் எதிரி எக்கச்சக்கம்."

தலைவர் கையிலிருந்த காகிதத்தால் விசிறிக்கொண்டார். போன வருடப் புயலுக்குப் பிறகு வீடு வீடாக எடுத்த ரத்தப் பட்டியல் அது. லோய்டா அதைப் பிடுங்கிப் பார்த்தாள். ஏ குரூப் பெயர்கள் பதினொன்றையும் சிவப்பு மையில் அடித்துத் தள்ளியிருந்தார் மனிதர். வேண்டியதை எல்லாம் வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அடித்த பெயர்களில் முதல் பெயர் தியோடுலோ.

"தலைவரே, நீங்க ஏ குரூப்பா?"

"எனக்கு ஊசின்னா ஆகாது மேடம். வேணும்னா ஜீப்னிய திருப்பி அனுப்புறேன், ரெண்டு மணி நேரத்துல..."

தொலைபேசி அடித்தது. மாடி நர்ஸ். குழந்தை ரத்தமாக வாந்தி எடுக்கிறதாம், தட்டணு எங்கே என்கிறாள். அவள் குரல் எல்லோருக்கும் கேட்டது.

தலைவர் சட்டைக் கையைத் தானே மடித்துக்கொண்டார். சோதனைகளை முடித்து, லோய்டா அவரை நாற்காலியில் சாய்த்தாள். ஊசியைக் கண்டதும் அவருக்கு முகம் வெளுத்தது.

வாசலில் நின்ற நோனித்தோ வந்து அவருடைய மற்றொரு கையைப் பிடித்துக்கொண்டார். கோபப்படக்கூட அவருக்குத் தெம்பில்லை.

"கண்ண மூடிக்குங்க தலைவரே. காலையிலேருந்து எம்பொண்ணுக்கு ஒம்பது தடவ குத்தியாச்சு. அவளும் அப்படித்தான் மூடிக்கிறா."