வாப்பாவின் ‘ரெடி’

எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை ‘ரெடி’ புழங்குகிறது என்று ஒருமுறை நோட்டில் கோடு போட்டு எண்ணினேன். மத்தியானத்துக்குள் நாற்பத்தொன்று. தாராவியில் கீழே எங்கள் தோல்பை தைக்கும் பட்டறை, மேலே வீடு. இரும்பு ஏணி உச்சியில் உட்கார்ந்தால் கீழே பேசுவதெல்லாம் கேட்கும்.

உம்மா ‘சோறு ரெடி’ என்றால் சோறு தட்டில் இருக்கும். தையல்காரர் அஸாருதீன் மாமு ‘ரெடி’ என்றால் ஜிப் வைப்பது மட்டும் பாக்கி. வாப்பா போனில் வியாபாரியிடம் ‘மால் ஏக்தம் ரெடி’, சரக்கு முழுக்க ரெடி, என்றால் தோல் இன்னும் வெட்டவில்லை. எல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் இன்று காலை வாப்பா என்னிடம், “நான் ரெடிம்மா, கெளம்ப வேண்டியதுதான்” என்றபோது அப்படியே நம்பினேன்.

உம்மாவுக்கு ஆபரேஷன் ஆன வருஷம் ஒன்பதாவதோடு நின்றவள் நான். பள்ளிக்கூடம் போகாமல் வெளியிலிருந்து பத்தாவது பரீட்சை எழுத ஃபாரம் வாங்கியாகிவிட்டது. வாப்பா மாட்டுங்கா பள்ளிக்கூட ஆபீசுக்கு நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். ஃபாரம் கொடுக்கும் கெடு இன்று ஐந்து மணியோடு முடிகிறது. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றால், கடையநல்லூரில் மாமி பேசி வைத்திருக்கிற சம்பந்தம் முந்திக்கொள்ளும்.

பத்து மணிக்கே புர்கா போட்டுச் செருப்பும் மாட்டிவிட்டேன். ஃபாரத்தை பிளாஸ்டிக் கவரில் வைத்தேன். எடுத்தேன். பிறந்த தேதியைப் படித்தேன். திரும்ப வைத்தேன். பகலில் ஆட்கள் வேலை செய்யும்போது நான் கீழே இறங்குவதில்லை. யாராவது பார்த்தால் குரலே வராது.

உம்மாதான் குனிந்து கத்தினாள்: “ஏங்க, அதீபா செருப்பு மாட்டிக்கிட்டு நிக்கா!”

“ரெடி, ரெடி. இந்த ஒரு பீஸ முடிச்சிட்டு வாரேன்.”

பன்னிரண்டு ஆனது. ஒரு மணிக்கு உம்மா சோறு வைத்தாள். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. ஜன்னலுக்கும் ஏணிக்கும் நடந்தேன். ஆறு எட்டு வைத்தால் முடிந்துவிடும் தூரம். மறுபடி நடந்தேன்.

மூன்று மணிக்கு வாப்பா போனில் சொன்னார்: “மால் நிக்கல் கயா பாய், கெளம்பிருச்சு. டெம்போ சயன் சிக்னல்ல நிக்குது.” எட்டிப் பார்த்தேன். வாப்பா கத்தரியோடு பலகை முன்னால் உட்கார்ந்திருந்தார். எதிரே முழுத் தோல்.

காலையில் எனக்குக் கொடுத்ததும் இந்த ரெடிதான்.

வாஷியில் கடை வைத்திருக்கும் ஸ்மிதா மேடத்தை நினைத்துக்கொண்டேன். அவர் போனே செய்வதில்லை. நேராக வருவார், வாசலை ஒட்டிய நீல ஸ்டூலில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்பார். ஒன்றும் கேட்கமாட்டார். எத்தனை பேருடைய மால் காத்துக் கிடந்தாலும் அவருடையதுதான் முதலில் முடியும்.

ஏணியில் இறங்கினேன். நான்கு மெஷினும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. யாரையும் பார்க்காமல் போய் நீல ஸ்டூலில் உட்கார்ந்து, கவரை மடியில் வைத்துக்கொண்டேன்.

“பாட்சா பாய், புதுப் பார்ட்டி வந்து உக்காந்திருக்கு!” என்று வாப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னார் அஸாருதீன் மாமு. எல்லாரும் சிரித்தார்கள்.

வாப்பா சிரிக்கவில்லை. “ஏ பிள்ள, மேல போ. ஆம்பளைங்க வேல பாக்குற எடம். ரெடியானதும் கூப்பிடுதேன்.”

“இங்கனயே இருக்கேன் வாப்பா.”

“அந்தம்மாவாவது கடல வாங்கித் திங்கும். இது ஒண்ணும் திங்காம நம்மளத்தான் பாக்கு” என்று மாமு மெஷினை ஓட்டினார்.

நான் எழுந்திருக்கவில்லை. வாப்பா கத்தரியை எடுத்தார். வைத்தார். போன் அடித்தது. என்னைப் பார்த்துக்கொண்டே காதில் வைத்தார். வாய் ‘ரெ’ என்று திறந்தது; மூடியது.

“நாளைக்குத்தான் பாய். இன்னும் வெட்டவே இல்ல.”

அந்தப் பக்கம் கத்துவது எனக்கே கேட்டது. போனை வைத்துவிட்டு ஆணியிலிருந்து சட்டையை உருவினார்.

“ரெடியா?” என்றார்.

எழுந்து அவருக்கு முன்னால் சந்தில் இறங்கி நடந்தேன். சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டே பின்னால் வந்தார். ஐந்து மணிக்கு இன்னும் எழுபது நிமிஷம் இருந்தது.