சாம்பல் நிற வரிகள்

1

மதியம் இரண்டே கால் மணிக்கு, ஒரு நண்பரின் திரையில், பாதிக் கோப்பு சாம்பல் நிறமானது. இந்தக் கதை அங்கிருந்துதான் வந்தது. அவர் ஏதோ ஒரு நிரலை இணைய உலாவியில் திறந்திருந்தார். மேலே நீலமும் பச்சையும் ஆரஞ்சும். நடுவில் ஓரிடத்தில் தொடங்கி அடிவரைக்கும் சாம்பல். "கோப்புல ஒண்ணுமில்ல. கலர் போடுறதுதான் தப்பா போடுது" என்று சொல்லி மூடிவிட்டார். என்னால் மூட முடியவில்லை.

நிரல் எழுதத் தெரியாதவர்களுக்காகச் சில வரிகள். நிரல் என்பது கணினிக்கான கட்டளைகள், வெறும் எழுத்தாக. உலாவியில் திறந்தால் கறுப்பு வெள்ளையாகத்தான் தெரியும். கண்ணுக்கு எளிதாக இருக்கட்டும் என்று ஒரு சிறு செயலி அதற்கு வண்ணம் பூசும். கட்டளைக்கு ஒரு நிறம், மேற்கோளுக்குள் இருப்பதற்கு ஒரு நிறம். கணினி படிக்காமல் தாண்டிப் போகும் குறிப்புகளுக்குச் சாம்பல். இனி வேண்டாம் என்று நிறுத்திவைத்த வரிகளையும் குறிப்பாக மாற்றி அப்படியே விட்டுவிடுவார்கள். அவையும் சாம்பலாகக் கிடக்கும். கோப்பில் எந்த நிறமும் கிடையாது. நிறம் பார்ப்பவரின் திரையில் மட்டும்தான்.

(இந்தக் கதையில் அடைப்புக்குறிக்குள் வருவதையெல்லாம் சாம்பல் நிறமாக வைத்துக்கொள்ளுங்கள். தாண்டிப் போக உங்களுக்கு உரிமை உண்டு.)

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

நிறங்களை நம்பிப் பிழைத்த ஒரு பெண்—

மழை விட்டிருந்த ஒரு மாலையில்— மழைக்கு இங்கே வேலையில்லை.

அண்ணிக்கு ஒரு நாத்தனார் இருந்தாள்.

இது நிற்கும். அண்ணி, டயாலிசிஸ் மையங்களுக்கு மென்பொருள் எழுதும் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். நாத்தனார், அதாவது அண்ணியுடைய கணவனின் தங்கை, அதே வீட்டில் இருக்கிறாள். வேலை பார்த்த நிறுவனத்தை இழுத்து மூடிய பிறகு, சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு, வண்ணம் பூசும் செயலி ஒன்றைச் செய்தாள். அதை முதலில் நிறுவியது அண்ணியின் உலாவியில்.

"எப்படி இருக்கு அண்ணி?"

"ஐஸ்கிரீம் கடை போர்டு மாதிரி இருக்கு."

"கிண்டலா? சரி, குறைக்கிறேன்."

"குறிப்பையெல்லாம் இன்னும் மங்கலாக்கு. கண்ணுலயே படக்கூடாது. அதைப் படிச்சுப் படிச்சே எனக்கு வயசாகுது."

நாத்தனார் மங்கலாக்கினாள்.

முதலில் நாத்தனாரை வம்புக்காரியாகத்தான் எழுதினேன். அது வசதி. அப்படி ஒருத்தியை எல்லாருக்கும் தெரியும், அறிமுகமே தேவைப்படாது. ஆனால் வம்புக்காரியைக் காட்டிக்கொடுக்க அண்ணிக்கு என்ன தயக்கம் இருக்கப்போகிறது? கதை அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. எனவே அவளை நல்லவளாக்கினேன். நல்லவளாக மட்டும் இருந்தாலும் போதவில்லை. அண்ணி வீட்டுக்கு வரும் நேரம் பார்த்து அவளுக்குக் காபி சூடாக்கி வைப்பவளாக்கினேன். அப்புறம்தான் அண்ணி தயங்கினாள்.

3

அண்ணியின் மேலாளருக்கு அலுவலகத்தில் 'சுருக்கமா' என்று பெயர். யார் எதைச் சொல்ல வாயெடுத்தாலும் அவர் அதைத்தான் சொல்வார். பழைய கோப்புகளில் கிடக்கும் செத்த வரிகளை அகற்றும் வேலையை அவர் அண்ணியிடம் கொடுத்தார்.

அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. அலுவலகம் தந்திருக்கும் மென்பொருளில் திறந்துதான் கோப்புகளைப் பார்க்க வேண்டும். அது திறந்து முடிப்பதற்குள் ஒரு காபியை ஆற்றிக் குடித்துவிடலாம். அண்ணி உலாவியில் பார்த்தாள். ஒரு கோப்பில் பெரிய துண்டு சாம்பலாகக் கிடந்தது. யாரோ எப்போதோ நிறுத்திவைத்தது என்று எடுத்துக்கொண்டாள். மொத்தமாக அகற்றினாள்.

அந்த வரிகளுக்கு உயிர் இருந்தது. அவற்றுக்குச் சற்று மேலே, மேற்கோளுக்குள், ஒரு கோப்புறையின் முகவரி. அதன் கடைசியில் ஒரு சாய்கோடு, ஒரு நட்சத்திரம். 'இதற்குள் இருக்கும் எல்லாம்' என்று அர்த்தம். மேற்கோளுக்கு வெளியே அதே இரண்டும் சேர்ந்து வந்தால், 'இங்கே குறிப்பு தொடங்குகிறது' என்று அர்த்தம். நாத்தனாரின் செயலி மேற்கோளைக் கவனிக்கவில்லை. அங்கே தொடங்கி, கீழே உண்மையான ஒரு குறிப்பு முடியும் இடம்வரை சாம்பலைப் பூசிவிட்டது.

(அந்த வரிகளின் வேலை, டயாலிசிஸ் நேரம் மாறினால் நோயாளிக்குச் செய்தி அனுப்புவது. ஒரு தையல்காரருக்குச் செய்தி போகவில்லை. அவர் பழைய நேரத்துக்கு வந்தார். அவருடைய முறை முடிந்துபோயிருந்தது, இயந்திரத்தில் வேறொருவர் படுத்திருந்தார். திரும்பிப் போனார். மறுநாள் மூச்சு முட்டி மருத்துவமனையில் சேர்த்தார்கள். முதல் வரைவில் இறந்துபோனார். அதன் பிறகு அண்ணி ஒரு வாக்கியமும் பேசவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. இந்த வரைவில் பிழைத்துக்கொண்டார். இந்தப் பத்தியைத் தாண்டிப் போயிருந்தால் திரும்பி வாருங்கள்.)

4

"செத்த வரின்னு நெனச்சேன் சார்."

"எதை வச்சு நெனச்சீங்க?"

அண்ணி தண்ணீர் குடித்தாள். காரணம் அவளுக்கு அன்று பிற்பகல்தான் தெரிந்திருந்தது. கோப்பின் பழைய படியை உலாவியிலும் அலுவலக மென்பொருளிலும் அருகருகே திறந்து பார்த்திருந்தாள். ஒன்றில் சாம்பல். மற்றொன்றில் அதே வரிகள் பளிச்சென்று இருந்தன.

"நாளைக்குக் காலையில எழுதிக் கொடுங்க. சுருக்கமா. கவனக்குறைவுன்னு எழுதினா எச்சரிக்கைக் கடிதம் வரும். ஏற்கெனவே ஒண்ணு வாங்கியிருக்கீங்க."

"தெரியும் சார்."

"ரெண்டு வாங்கினவங்க யாரும் இப்ப இங்க இல்ல. வேற காரணம் இருந்தா அதை எழுதுங்க."

அவள் எழுந்தாள்.

"அப்புறம், நாளைக்குத்தானே உங்க நாத்தனாருக்கு இங்க நேர்காணல்? அந்தக் கலர் போடுற செயலியைத்தான் காட்டப் போறாங்களாம். நல்லாயிருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க."

"நல்லாத்தான் இருக்கு சார்."

அண்ணி இதைச் சொல்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அழித்துவிட்டு மௌனமாக விட்டுப் பார்த்தேன். சரிவரவில்லை. மறுபடியும் எழுதினேன்.

5

எழுதி வைத்திருக்கும் முடிவுகள்:

அ. அண்ணி உண்மையை எழுதுகிறாள். உலாவியில் பார்த்த குற்றத்துக்கு ஒரு திட்டு கிடைக்கும். வேலை தப்பும். நாத்தனார் தன் செயலியைத் திறந்து காட்டும் மேசையின் மறுபக்கம் அந்தத் தாள் இருக்கும்.

ஆ. 'கவனக்குறைவு' என்று ஒரே சொல் எழுதுகிறாள். மேலாளருக்கு இதைவிடச் சுருக்கம் வேண்டியதில்லை. நாத்தனாருக்கு வேலை. அண்ணிக்கு இரண்டாவது கடிதம். கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் செயலி நாளையும் சாம்பல் பூசும், வேறு யாரோ வேறு எதையோ அகற்றுவார்கள். (அந்தத் தையல்காரரை நான் ஒருமுறைதான் காப்பாற்ற முடிந்தது.)

இ. நாத்தனார் அன்று மாலை தற்செயலாகத் தானே பிழையைக் கண்டுபிடித்து— இது அண்ணியைத் தப்பவைக்க நான் செய்யும் வேலை. அடித்துவிட்டேன்.

6

மாலை. வீட்டில் இருவர் மட்டும். அண்ணியின் கணவன் வெளியூர் போயிருக்கிறான். வேண்டுமென்றே அனுப்பிவைத்தேன். இருந்தால் நடுவில் புகுந்து சமாதானம் பேசுவான்.

நாத்தனார் காபியை நகர்த்தி வைத்தாள். நாளைக்குப் போட்டுக்கொண்டு போகும் சட்டை, இஸ்திரி போட்டு நாற்காலியின் முதுகில் தொங்கியது.

"உக்காருங்க அண்ணி. நாளைக்குப் பேசப்போறதை ஒருதடவை கேளுங்க. தூங்கினா எழுப்புவேன்."

"தூங்க மாட்டேன்."

நாத்தனார் பேசினாள். நன்றாகப் பேசினாள். திரையில் வரிகள் நிறம் மாறின.

"இதுல தப்பு எங்க வரும்னு கண்டிப்பா கேப்பாங்க. என்ன சொல்லட்டும்? தினமும் பாக்குறது நீங்கதான். நீங்களே இதுவரைக்கும் ஒண்ணும் சொன்னதில்ல."

அண்ணி காபியை ஆற்றிக்கொண்டே இருந்தாள். அது ஏற்கெனவே ஆறியிருந்தது.

"என்ன அண்ணி? ஆபீஸ்ல ஏதாவதா?"

"ஒரு தப்பு நடந்துபோச்சு. வேண்டிய வரியை எடுத்துட்டேன்."

"நீங்களா? ஒரு கமாவைத் தூக்கணும்னாலே நாலுதரம் யோசிக்கிற ஆளாச்சே."

"கவனிக்கல."

"எத்தனை வரி?"

"ஒரு துண்டு. மொத்தமா."

நாத்தனார் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினாள். திரையைப் பார்த்தாள். பிறகு அண்ணியைப் பார்த்தாள்.

இந்த இடத்தில் அண்ணிக்காக ஒரு வாக்கியம் எழுதி வைத்திருந்தேன்: 'அது வந்து—'. அவள் அதைச் சொல்லவில்லை. வேறு வாக்கியம் என்னிடம் இல்லை. அ, ஆ இரண்டையும் உங்கள் பக்கம் தள்ளிவைக்கிறேன். மேசையில் இன்னும் இடமிருக்கிறது.

நாத்தனார் கணினியை மெல்ல அண்ணியின் பக்கம் திருப்பினாள்.

"அண்ணி, அந்தக் கோப்பை எதுல திறந்து பாத்தீங்க?"