வருஷப் பூசைக்கு ஒரு கவிதை

எழுதியவர் பேசக் கூடாது. செவ்வாய்க்கிழமை மாலை வகுப்பில் கண்டிப்பான விதி என்று இருந்தது அது ஒன்றுதான். கவிதையோ கதையோ, வாசித்து முடித்ததும் எழுதினவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு நல்லதைச் சொல்வார்கள். பிறகு மாற்ற வேண்டிய ஒன்றைச் சொல்வார்கள். நடுவில் விளக்கம் சொல்லப் போனால் சுசித்ரா டீச்சர் சிரித்துக்கொண்டே கையைக் காட்டிவிடுவார்.

"படிக்கிறவங்க வீட்டுக்கெல்லாம் நீங்க கூடவே போய் விளக்கம் சொல்லுவீங்களா?"

பகலில் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்திவிட்டு, சாயங்காலம் கொடைக்கானல் மாதா கோயிலின் பின்னறையில் இந்த வகுப்பை அவர் நடத்திவந்தார். காசு வாங்குவதில்லை. ஓட்டல் வரவேற்பில் வேலை பார்க்கும் மனோஜ்குமார், வாரம் தவறாமல் ஒரே பெண்ணுக்குக் காதல் கவிதை எழுதிக்கொண்டு வருவான். இன்னும் நாலைந்து பேர் குளிரைப் பொறுத்து வருவார்கள், வராமலும் இருப்பார்கள். ஒரு நாளும் தவறாதவள் ஆக்ஸிலியா மட்டும்தான்.

பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்ப்பதாலோ என்னவோ, எதையும் வரிசையாகச் செய்தால்தான் அவளுக்கு மனசு நிற்கும். நல்ல வரிக்குக் கீழே பென்சிலால் நேர்க்கோடு போடுவாள். மாற்ற வேண்டியதற்கு நெளிகோடு. அவளும் வீட்டில் எழுதினாள். ஆனால் தன் வரிகளுக்கு நெளிகோடு போட்டுப் போட்டே தாள் முழுக்கப் புழு ஊர்ந்த மாதிரி ஆகிவிடும்; வகுப்புக்கு ஒன்றும் வந்து சேராது. அடுத்தவர் எழுத்து என்று வந்தால் அந்தச் சந்தேகம் அவளுக்கு வருவதில்லை. உலகத்தில் தனக்குத் தெரிந்த வேலை இது ஒன்றுதான் என்றுகூடத் தோன்றும்.

மார்ச் மாதத்தில் ஒரு நாள் மரியஅந்தோணி வந்தார். வட்டக்கானலில் வீடு. டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறவர். ஸ்வெட்டருக்குள்ளிருந்து மடித்த தாளை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, உட்காராமல் நின்றார்.

"எம் பொஞ்சாதி கித்தேரியம்மா போய் மே மாசத்தோட ஒரு வருஷம் ஆவுது டீச்சர். வருஷப் பூசைக்கு நினைவு கார்டு அடிக்கணும். பாட்டு மாதிரி ஒண்ணு எழுதியிருக்கேன்."

"அச்சகத்துலயே ரெடிமேடா வச்சிருப்பாங்களே அண்ணே," என்றான் மனோஜ்.

"அது வேணாம் தம்பி. எம் மக ஃபெமினா கோயம்புத்தூர்ல நர்ஸா இருக்கா. அடக்கம் முடிஞ்சு போனவ, எங்கூடப் பேசுறதில்ல. போன் பண்ணா எடுக்க மாட்டா. பூசைக்கு மட்டும் வருவேன்னு அவ சித்திகிட்டச் சொல்லியிருக்கா. இத வாசிச்சான்னா பேசுவா."

எப்படியாவது இதை நல்ல கவிதையாக்கிக் கொடுத்துவிட வேண்டும் என்று ஆக்ஸிலியா அப்போதே முடிவு செய்துவிட்டாள். மற்றவர்கள் முகத்திலும் அதுதான் இருந்தது.

அவர் வாசித்தார். கண்டக்டர் ஊர்ப் பெயர் சொல்லுவது போல, ஏற்ற இறக்கம் இல்லாத குரல்.

*காலையில காட்டுமாடு வேலிப் பக்கம் வந்து நிக்கும்.*
*ஏலே, உங்கப்பன் போட்ட முட்டைக்கோஸான்னு கேப்பா.*
*அது தலையை ஆட்டிட்டுப் போகும்.*
*நானும் தலையை ஆட்டிட்டு வேன் எடுக்கப் போவேன்.*
*அவ செருப்புல இடது கால் மட்டும் சீக்கிரம் தேயும்.*
*ஏன்னு நான் கேட்டதில்ல.*
*புதுசு வாங்கிக் குடுப்பேன். அதுவும் அப்படியே தேயும்.*
*ஏன்னு நான் கேட்டதில்ல.*

இன்னும் இருந்தது. காட்டுமாடு வந்த இடத்தில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மரியஅந்தோணிக்கும் முகம் மலர்ந்தது.

"உண்மையா இருக்கு அண்ணே. அதுதான் இதுல நல்லது," என்றார் டீச்சர். "ஆனா கோயில்ல குடுக்கிற கார்டு. வாசிச்சவுடனே சிரிப்பு வந்தா நல்லாவா இருக்கும்? காட்டுமாட்ட மட்டும் எடுத்துடுங்க."

"செருப்பையும்தான்," என்றான் மனோஜ். "மேல மாதா படம் இருக்கும். கீழ செருப்பா?"

"இல்ல தம்பி, அது எதுக்குன்னா..."

"அண்ணே! ரூல்ஸ்!"

எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். மரியஅந்தோணி வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். ஆக்ஸிலியாவின் முறை வந்தது. முன்னதாகவே தாளை வாங்கிக் கோடுகள் போட்டு முடித்திருந்தாள்.

"அங்கிள், 'ஏன்னு நான் கேட்டதில்ல'ன்னு ரெண்டு தடவ வருது. படிக்கிறவங்களுக்கு ஆன்ட்டி மேல பாசம் வரணும். இது உங்க மேல கோவத்த வரவைக்குது. ஏற்கெனவே கோவமா இருக்கிற மகளுக்கு இத எதுக்குக் குடுக்கணும்?"

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு விதி நினைவுக்கு வந்து, தலையை மட்டும் ஆட்டினார்.

அடுத்த வாரம் சுத்தமாகப் படியெடுத்துக் கொண்டுவந்தார். அதற்கடுத்த வாரமும். சொன்னதையெல்லாம் அப்படியே செய்கிற இப்படி ஒருவர் அந்த வகுப்புக்கு வந்ததே இல்லை. மனோஜிடம் ஒரு சொல்லை எடுக்கச் சொன்னால் ஒரு மாதம் சண்டை போடுவான். இவரோ நெளிகோடு போட்ட இடத்தையெல்லாம் வேரோடு பிடுங்கிவிட்டு, "இப்ப சரியா பாப்பா?" என்று ஆக்ஸிலியாவின் முகத்தைப் பார்ப்பார். செருப்பு, பாதம் ஆயிற்று. பேச்சுவழக்கு எழுத்துவழக்கு ஆயிற்று. ஏப்ரல் கடைசியில் கவிதை முடிந்தது.

*அன்பின் விளக்கே, அமைதியின் வடிவே,*
*பாதம் தேய நடந்து பாசம் பொழிந்தவளே,*
*விண்ணகம் சேர்ந்தாய், எம் கண்ணகம் வாழ்கிறாய்.*

கடைசி வரி ஆக்ஸிலியா சொன்னது. டீச்சர் அதற்குக் கை தட்டினார். அன்று வீட்டுக்கு நடந்து போகும்போது, தனக்கும் எழுத வரும்போலிருக்கிறது என்று அவள் பயந்து பயந்து நினைத்துக்கொண்டாள்.

பூசை காலையில் வெள்ளனே இருந்தது. சீசன் நேரமாதலால் வந்தவர்கள் குறைவு. டீச்சரும் மனோஜும் வர முடியவில்லை. ஆக்ஸிலியா கடைசி பெஞ்சில் இருந்தாள். வாசலில் மரியஅந்தோணி வெள்ளைச் சட்டையில் நின்று ஆளுக்கொரு கார்டு கொடுத்தார். வாங்கியவர்கள் வாசித்துப் பார்த்து, "நல்லா எழுதியிருக்கு" என்றார்கள். அவர் ஒவ்வொரு தடவையும் கூச்சத்தோடு சிரித்தார். கண் மட்டும் சாலைப் பக்கமே இருந்தது.

ஃபெமினா பூசை தொடங்கிய பிறகுதான் வந்தாள். தாயின் சேலை ஒன்றைக் கட்டியிருந்தாள். கல்லறையில் ஜெபம் முடிந்து மற்றவர்கள் டீ குடிக்கப் போனதும், மரியஅந்தோணி மகள் பக்கத்தில் போய்க் கார்டை நீட்டினார். அவள் வாங்கி வாசித்தாள். மறுபக்கம் திருப்பிப் பார்த்தாள். பிறகு மறுபடி வாசித்தாள். இரண்டு கல்லறை தள்ளி நின்ற ஆக்ஸிலியா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா இருக்குப்பா," என்றாள் ஃபெமினா. கார்டைப் பையில் வைத்தாள். "எந்த அச்சகத்துல போட்டீங்க?"

"வத்தலக்குண்டுல. கவித நான் எழுதுனது."

"சரிப்பா."

"நெசமா நான்தான் எழுதுனேன் தாயி. இந்தா, இந்தப் பாப்பாகிட்டக் கேளு. எங்க வகுப்பு."

ஃபெமினா ஆக்ஸிலியாவைப் பார்த்து மரியாதைக்குத் தலையசைத்தாள். பிறகு அப்பாவிடம் திரும்பினாள். குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது.

"அமைதியின் வடிவாம். எங்கம்மா என்னைக்குப்பா அமைதியா இருந்தாங்க? அடக்கத்தன்னைக்குச் சொன்னதுதான் இன்னைக்கும். நீங்க அவங்களப் பாத்ததே இல்ல. கார்ட விடுங்க. அம்மா எப்படி இருந்தாங்கன்னு நீங்க வாயால சொல்லுங்க, கேக்குறேன்."

மரியஅந்தோணி தொண்டையைச் செருமினார். வாயைத் திறந்தார்.

"அவ வந்து... அன்பின் விளக்கா... பாதம் தேய..."

அதற்குமேல் வரவில்லை. ஒரு மாதமாக மனப்பாடம் செய்தது முன்னால் வந்து நின்றுகொண்டது. ஆக்ஸிலியா பொறுக்கமாட்டாமல் கிட்டே வந்துவிட்டாள்.

"அக்கா, முதல்ல வேற மாதிரி எழுதியிருந்தாரு. உங்கம்மாவோட இடது செருப்பு மட்டும் சீக்கிரம் தேயும்னு எழுதியிருந்தாரு."

ஃபெமினாவின் முகம் மாறியது. "அப்படியா எழுதுனீங்க?"

"அது மொதல்ல எழுதுனது," என்றார் அவர் அவசரமாக. தப்பு செய்து பிடிபட்டவர் போல இருந்தது. "சரியா வரல. எடுத்தாச்சு."

"அம்மாவுக்கு இடுப்பு வலிப்பா. எங்கிட்ட மட்டும்தான் சொல்லுவாங்க. செருப்பு வரைக்கும் பாத்திருக்கீங்க. ஏன்னு ஒரு வார்த்த கேட்டீங்களா?"

அவர் ஆக்ஸிலியா பக்கம் திரும்பினார்.

"கேக்கலன்னும் எழுதியிருந்தாரு அக்கா," என்றாள் ஆக்ஸிலியா. தன் குரலே அவளுக்கு யாரோ பேசுவது போலக் கேட்டது. "ஏன்னு நான் கேட்டதில்லன்னு, ரெண்டு தடவ. நான்தான் வேணாம்னு சொன்னேன்."

ஃபெமினா அப்பா பக்கம் திரும்பினாள்.

"அந்தத் தாள் இருக்காப்பா?"

"வெந்நி அடுப்புக்குப் போயிருச்சு தாயி. புதுசு எழுதுனப்புறம் பழசு எதுக்குன்னு..."

"ஊருக்கெல்லாம் அச்சடிச்சுக் குடுத்திருக்கீங்க. எனக்குன்னு எழுதுனத அடுப்புல போட்டுட்டீங்க," என்றாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இந்தப் பொண்ணு நல்ல பொண்ணு. உங்களுக்காகச் சொல்லுது. இல்ல, நெசமாவே இருக்கலாம். போடாத வரிய நான் எப்படிப்பா வாசிக்கிறது?"

வேனில் கொண்டுபோய் விடுகிறேன் என்று அவர் சொன்னதற்கு வேண்டாம் என்றுவிட்டாள். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற சாலையில் அந்தச் சேலை வளைவு வரை தெரிந்தது. பிறகு அந்தப் பக்கமிருந்து டூரிஸ்ட் கார்கள் வரிசையாக ஏறி வந்தன.

மரியஅந்தோணி கல்லறைச் சுவரில் சாய்ந்து நின்றார். சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்து, "பத்து நிமிசத்துல வந்துருதேன் சார். ஏரிகிட்டயே நில்லுங்க," என்று சொல்லிவிட்டு வைத்தார்.

"ஈரோட்டுப் பார்ட்டி. சவாரி கெடக்கு பாப்பா."

"சரி அங்கிள்."

இரண்டடி போனவர் திரும்பினார்.

"ஒண்ணு கேக்கவா? இப்ப இதுல எந்த வரி சரியில்ல? சொன்னீன்னா அடுத்த வருஷத்துக்குள்ள மாத்திரலாம்."

பரிகாசமாகக் கேட்கவில்லை. அது தெரிந்ததும் ஆக்ஸிலியாவால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எல்லா வரியும் சரியாகத்தான் இருந்தது. அதை எப்படிச் சொல்வது?

"நீங்க அவங்களுக்கு ஒரு லெட்டர் போடுங்க அங்கிள். உங்க பேச்சுல, அப்படியே. யார்கிட்டயும் காட்ட வேணாம்."

"காட்டாமயா?" அவர் பயந்து போனார். "தப்புத்தப்பா வருமே பாப்பா."

பதிலுக்குக் காத்திராமல் வேன் கதவைத் திறந்தார். இருக்கையில் மிஞ்சிய கார்டுகள் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாகக் கிடந்தன. அதிலிருந்து கொஞ்சத்தை உருவி அவள் கையில் கொடுத்தார்.

"டீச்சருக்கும் மனோஜ் தம்பிக்கும் மறக்காமக் குடுத்துரு. உங்க எல்லாரோட உழைப்பும் இதுல இருக்குல்ல."

வேன் இறக்கத்தில் ஹாரன் அடித்துக்கொண்டே போனது. ஆக்ஸிலியா கார்டுகளைக் கையில் பிடித்தபடி அங்கேயே நின்றாள். மாதா படத்துக்குக் கீழே, நேற்று அடித்த அச்சு மை இன்னும் சரியாகக் காயவில்லை. அவள் விரலில் ஒட்டிக்கொண்டது.