வெள்ளைத்தாயின் வயிறு இடமாறுதல் கேட்டது

ஒரே உடம்பில் பத்து வருஷம் வேலை பார்த்த வயிறுகள் மே மாதக் கலந்தாய்வில் இடமாறுதல் கேட்கலாம். வெள்ளைத்தாயின் வயிறு நாற்பத்தாறு வருஷம் பொறுத்துவிட்டு இந்த வருஷம் மனுப் போட்டது.

வெள்ளைத்தாய் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். தேசிய உணவு வழிகாட்டுதல் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். தட்டில் பாதி காயும் கீரையும் பழமும், மீதியில் தானியமும் பருப்பும், உப்பு நாளுக்கு ஒரு ஸ்பூனைத் தாண்டக் கூடாது. எந்தப் பிள்ளையாவது கீரையை ஓரங்கட்டினால் பக்கத்திலேயே நின்று சாப்பிட வைத்துவிட்டுத்தான் நகருவாள். அவள் சாப்பாடு மூன்றரை மணிக்கு. நின்றபடியே, சட்டியில் ஒட்டியிருக்கும் சோற்றில் ஆறிப்போன ரசத்தை ஊற்றி நாலு வாய். ஊருக்கு உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள்.

கலந்தாய்வு வட்டார அலுவலகக் கூடத்தில் நடந்தது. வயிறு மனுவை மடியில் வைத்துக்கொண்டு முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. காலியிடப் பட்டியலில் ஒரு தபால்காரர் இருந்தார். அவருடைய வயிறு அவருக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டது. காலை எட்டு மணிக்குக் கம்பங்கூழ், மதியம் ஒரு மணிக்குக் கீரை, சாயங்காலம் நடை என்று இருக்கிற மனுஷர். ஏழெட்டு வயிறுகள் அவரைக் கேட்டிருந்தன. சீனியாரிட்டி என்னவோ வெள்ளைத்தாயின் வயிற்றுக்குத்தான். அவளுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது ஒரு கல்யாணத் தரகரின் வயிறு. அதற்கு நாளுக்கு மூன்று பந்தி பழக்கம்.

வெள்ளைத்தாய்க்கு அது வேண்டாம். இரண்டு பிள்ளைகளைச் சுமந்தபோது வாய் பேசாமல் நகர்ந்து இடம் கொடுத்த வயிறு இது. இதை ஒரு தபால்காரருக்குத் தாரை வார்க்க அவளுக்கு மனசு வரவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"ஆட்சேபணை இருக்காம்மா?" என்றார் அலுவலர்.

"இருக்கு சார். நாளையிலயிருந்து நேரத்துக்குச் சாப்பிடுதேன்."

"இருபத்திரண்டு வருஷமா இதத்தான் சொல்லுதா சார்," என்றது வயிறு. "என்ன போடுதான்னுகூட நான் கேக்கல. எல்லாருக்கும் போட்டு முடிச்ச பிறகுதான் நான் ஒருத்தன் இருக்கதே இவளுக்கு ஞாபகம் வருது."

உணவு இடைவேளை முடிந்ததும் உத்தரவு தருவதாகச் சொல்லிவிட்டு அலுவலர் எழுந்தார்.

வயிற்றை வெறுமனே வழியனுப்பக் கூடாது என்று அவள் விடிகாலையிலேயே சமைத்து ஹாட்பாக்ஸில் கொண்டு வந்திருந்தாள். குதிரைவாலிச் சோறு, தட்டைப்பயறுக் குழம்பு, முருங்கைக்கீரைக் கூட்டு, வெண்டைக்காய்ப் பொரியல், நாலு துண்டு கொய்யா. மூடியைத் திறந்ததும், துணைக்கு வந்திருந்த அவள் புருஷன் பொன்னுராசு வழக்கம்போலத் தட்டை நீட்டினார்.

"கொஞ்சம் பொறுங்க. மொதல்ல நான் சாப்பிட்டுக்கிடுதேன்," என்றாள்.

அவர் தட்டை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். வெள்ளைத்தாய் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து முதல் கவளத்தை வாயில் வைத்தாள். சாப்பாட்டு நேரத்தில் வயிறு பணிக்குத் திரும்ப வேண்டும் என்பது விதி. அதுவும் எழுந்து வந்து தன் இடத்தில் உட்கார்ந்தது. குழம்பு சுடச்சுட இறங்கியது. தன் கைச்சமையல் சூட்டோடு இவ்வளவு ருசியாக இருக்கும் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கண்ணில் நீர் வழிய, கடைசிக் கீரை வரைக்கும் மென்று நிதானமாகச் சாப்பிட்டாள்.

இடைவேளை முடிந்து அலுவலர் அவள் வயிற்றின் பெயரைக் கூப்பிட்டார். வயிறு மூச்சுக் காட்டவில்லை. மூன்று தடவை கூப்பிட்டுவிட்டு, 'ஆஜராகவில்லை' என்று எழுதி அடுத்த மனுவை எடுத்தார்.

இருவரும் வீடு திரும்பியபோது ஒரு டிரங்குப் பெட்டியோடு பசி வாசலில் உட்கார்ந்திருந்தது. வெள்ளைத்தாயின் பசிதான். கல்யாணமான மறுவருஷம் கோபித்துக்கொண்டு போனது. இத்தனை வருஷத்தில் அதற்குக் கொஞ்சமும் வயசாகியிருக்கவில்லை.

"இன்னைக்கு நீயும் மொதல்லயே உக்காந்துட்டியாமே, தாயி," என்றது.

பொன்னுராசு பெட்டியை வாங்கி உள்ளே வைத்தார். வெள்ளைத்தாய் உலையில் ஒரு கைப்பிடி அரிசி கூடப் போட்டாள்.